சிபாப் மெஷினுக்கு மாற்று: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் அப்னியா. அதற்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்து வைப்பது சிபாப் மெஷின். அதை வாங்கிச் சில மாதத்திலேயே பரணில் ஏற்றிவிட்டவர்கள் நிறையப் பேர். மாஸ்க் மூக்குத்தண்டை அழுத்துகிறது, வாய் காய்கிறது, கரண்ட் போனால் தூக்கம் கலைகிறது என்று ஆளுக்கொரு காரணம். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே சத்தம் அடக்க வைத்திருந்த ஃபோம் உதிரக்கூடும் என்று சொல்லி லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அதிலிருந்து பயமும் சேர்ந்துகொண்டது. இந்த நிலையில் 'இனி மெஷின் வேண்டாம்' என்று எந்த விளம்பரம் வந்தாலும் கை தானாக ஆர்டர் பட்டனுக்குப் போகிறது. அப்படி விற்பவற்றில் எது மூச்சுத்தடையைக் குறைக்கிறது, எது வெறும் சத்தத்தைக் குறைக்கிறது, எங்கே சொதப்பும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குறட்டை நின்றால் அப்னியா நின்றதாக அர்த்தமில்லை. ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் படுப்பவருக்கு நிம்மதி கிடைத்ததைத்தான் எழுதுகிறார்கள். குறட்டை என்பது தொண்டைச் சதை அதிரும் சத்தம். அப்னியா என்பது அதே தொண்டை பத்து வினாடியோ அதற்கு மேலோ அடைத்துக்கொள்வது. அதிர்வு அடங்கி, அடைப்பு அப்படியே இருக்கலாம். அப்போது ஆபத்து அமைதியாக நடக்கும், எழுப்பிவிடக்கூட ஆள் இருக்காது.

எதையும் வாங்குவதற்கு முன், தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளந்த ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டை எடுத்து நான்கு விஷயம் பாருங்கள். முதலாவது ஏ.ஹெச்.ஐ., அதாவது மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது. 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இரண்டாவது, மல்லாந்து படுத்தபோது வந்த எண் தனியாக எவ்வளவு. மூன்றாவது, ஆக்சிஜன் எதுவரை இறங்கியது. நான்காவது, தொண்டை அடைப்பால் வந்ததா அல்லது மூளையிலிருந்து சிக்னல் வராமல் நின்ற 'சென்ட்ரல்' வகையா. சென்ட்ரல் வகை அதிகம் என்றால் கீழே சொல்லப்போகும் எதுவும் உங்களுக்கானது அல்ல. ஏ.ஹெச்.ஐ. 30-க்கு மேல், கூடவே ஆக்சிஜன் வெகுவாக இறங்குகிறது என்றாலும் மெஷினை விட்டுவிட்டுப் பரிசோதனையில் இறங்கக் கூடாது.

பலருக்குப் பிரச்சினை மெஷினே அல்ல, மாஸ்க்தான். காலையில் வாய் வறண்டிருந்தால் வாய் வழியே காற்று கசிகிறது. மூக்கு மாஸ்க்கிலிருந்து வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாறினாலோ, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைக் கூட்டினாலோ சரியாகும். வயிறு காற்றடைத்து உப்பினால் பிரஷர் கூடுதலாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள். மாஸ்க் போட்டாலே மூச்சு முட்டுகிற உணர்வு வந்தால், பகலில் டிவி பார்க்கும்போது போட்டுப் பழகுவதுதான் வழி. இவ்வளவும் செய்து பார்த்தும் முடியவில்லை என்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

காசு கொடுத்து வாங்கத் தகுந்தவற்றில் முதலிடம் வாயில் போடும் தாடைக் கருவிக்கு. மேல் பல்லிலும் கீழ்ப் பல்லிலும் மாட்டிக்கொண்டு, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. தாடை முன்னால் வந்தால் அதோடு ஒட்டிய நாக்கும் முன்னால் வரும், நாக்குக்குப் பின்னால் வழி திறக்கும். இது இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று, வெந்நீரில் முக்கிக் கடித்து நீங்களே அச்செடுத்துக்கொள்வது. இன்னொன்று, பல் டாக்டர் அளவெடுத்து லேபில் செய்து தருவது. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வெந்நீர் வகையைப் பற்றி மட்டமாகவே பேசுகிறார்கள், முழுக்க நியாயமில்லை. பிரிட்டனில் பாப்வர்த் மருத்துவமனை 2014-இல் வெளியிட்ட ஆய்வில், லேசான, நடுத்தர அப்னியா உள்ள 90 பேருக்கு மூன்று விதக் கருவிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெந்நீர் வகை ஏ.ஹெச்.ஐ.யை 26 சதவீதம் குறைத்தது. வீட்டிலேயே பல் அச்செடுத்து அனுப்பிச் செய்து வாங்கும் இடைநிலை வகை 33 சதவீதம், ஆஸ்பத்திரியில் செய்தது 36 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பாதாளம் இல்லை. வெந்நீர் வகை தோற்றது வேறு இடத்தில்: ஆட்கள் அதைக் குறைவான நேரமே போட்டார்கள், கடைசித் தேர்வாகவும் அதையே சொன்னார்கள். பருமனாக இருக்கும், இரவில் கழன்று தலையணையில் கிடக்கும்.

எனவே இந்த வகையைத் தாடைக் கருவி நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் ஒத்திகையாக மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது மேலும் கீழும் தனித்தனியாக இருந்து, பக்கவாட்டில் அளவுக்கோடு போட்டு முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாகப் பார்த்து வாங்கவும். ஒரே கட்டியாக வருவது கடித்த இடத்திலேயே நின்றுவிடும், பிறகு திருத்த முடியாது.

அச்செடுக்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் தண்ணீரில்தான். கொதிக்கக் கொதிக்க இருக்கும் பாத்திரத்திலேயே போட்டால் பிளாஸ்டிக் துவண்டு சுருண்டுவிடும். கொதித்ததும் அடுப்பை அணைத்து, வேறு கிண்ணத்தில் ஊற்றி, பெட்டியில் சொன்ன வினாடி அளவுக்கு மட்டும் முக்க வேண்டும். பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும். எடுத்ததும் சொட்டுத் தண்ணீரை உதறி, ஓரிரு வினாடி ஆறவிட்டு வாயில் வையுங்கள், இல்லாவிட்டால் ஈறு வெந்துபோகும். கண்ணாடி முன் நின்று நடுப்பல் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக் கடிக்கவும். கடிப்பது மெதுவாக, அழுத்திக் கடித்தால் பல் அடிவரை இறங்கி அந்த இடம் மெலிந்துபோகும், முதலில் ஓட்டை விழுவதும் அங்கேதான். உதட்டுக்கு வெளியிலிருந்து விரலாலும் உள்ளிருந்து நாக்காலும் பல்லோடு சேர்த்து அழுத்தி, பிறகு குளிர்ந்த நீரில் போட்டு இறுகவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டால் அச்சு போய்விடும்.

இன்னொரு பெரிய தவறு, முதல் நாளே தாடையை முடிந்த மட்டும் முன்னால் தள்ளிக் கடிப்பது. காலையில் காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு வலித்து, சோற்றை மெல்ல முடியாமல், கருவியே ஆகாது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டும் நிலைக்குச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்கினால் போதும்.

டாக்டர் செய்து தரும் வகையில் கணக்கு இன்னும் துல்லியம். தாடையை முழுக்கப் பின்னால் இழுத்த நிலையிலிருந்து முழுக்க முன்னால் தள்ளிய நிலைவரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதில் பாதி அல்லது பாதிக்குச் சற்று மேல் முதல் நிலையாக வைப்பார்கள். அந்த மொத்த நகர்வே 5 மி.மீ.க்குக் குறைவு என்றால் கருவியால் பெரிய பலன் இருக்காது. பிறகு திருகு. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும், சின்னச் சாவி தருவார்கள். ஒரு திருப்பு பொதுவாகக் கால் மில்லிமீட்டர் சுமாருக்கு நகர்த்தும். வாரத்துக்கு ஓரிரு திருப்பு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் மறந்து போனால் தாடை கோணலாக நிற்கும், வலி ஒரு மூட்டில் மட்டும் வரும். ஒருபக்க வலி வந்தால் முதலில் திருகை எண்ணிப் பாருங்கள்.

கட்டமைப்பில் மூன்று மாதிரிகள் அதிகம் புழங்குகின்றன. மேல் கீழ் தகடுகளில் சிறகுபோல் நீட்டிக்கொண்டிருப்பவை ஒன்றின் மேல் ஒன்று சாயும் வகை: வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் வாய் அகலத் திறந்தால் பிடி விட்டுவிடும், அதனால் ரப்பர் பேண்ட் மாட்டச் சொல்வார்கள். ஹெர்ப்ஸ்ட் எனப்படும் பக்கக் கம்பி வகை: பிடி உறுதி, கம்பி கன்னத்தின் உட்புறத்தில் உரசிப் புண்ணாக்கலாம். முன்பல்லுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் வகை: திருகு நடுவில் ஒன்றே ஒன்று, எனவே இரண்டு பக்கமும் எண்ண வேண்டிய வேலை இல்லை, நாக்கு முட்டுகிறது என்ற புகார் உண்டு. பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடம் மெல்லிய தகடு தாங்காது, அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு இது சரிப்படாது என்பதிலும் தெளிவு வேண்டும். மேலும் கீழும் தலா எட்டு உறுதியான பல்லாவது தேவை. ஈறு நோயால் ஆடும் பல்லில் மாட்டினால் பல்தான் முன்னால் வரும், தாடை வராது. முழுப் பல்செட் போட்டவர்களுக்குப் பிடிமானம் கிடைக்காது; அவர்களுக்கு நாக்கையே உறிஞ்சிப் பிடிக்கும் சிலிக்கான் குமிழ் ஒன்று இருக்கிறது, எச்சில் வழிவதையும் காலையில் நாக்கு நுனி எரிவதையும் பொறுத்துக்கொள்பவர் குறைவு. பல வருடம் பாக்கு, குட்கா மென்று வாய்த்திறப்பு சுருங்கியவர்களுக்கு அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாது. பல் டாக்டர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட்டால் வீண் செலவு மிச்சம்.

பக்கவிளைவு எல்லோருக்கும் வரும், அளவுதான் மாறும். முதல் சில வாரம் எச்சில் பெருகும், பல் கூசும். காலையில் கழற்றியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். இதற்குத்தான் பழைய கடியின் அச்சில் செய்த சின்னப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கூடவே தருகிறார்கள். குளித்து முடிக்கும் நேரம்வரை அதைக் கடித்துக்கொண்டிருந்தால் தாடை பழைய இடத்துக்குத் திரும்பும். பெரும்பாலானவர்கள் இதைத்தான் கைவிடுகிறார்கள். வருடக் கணக்கில் போகப்போக மேல் முன்பல் கொஞ்சம் உள்ளே சாய்ந்து கீழ் முன்பல் வெளியே சாய்வது உண்மை. பட்டை அதைத் தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்குமென்று நம்ப வேண்டாம். பட்டை தராத கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். டூத்பேஸ்ட் தகட்டைக் கீறும், வெந்நீர் வளைத்துவிடும்.

மெஷினோடு ஒப்பிட்டால்? சிபாப்பைக் கண்டுபிடித்த காலின் சல்லிவனின் ஊரான சிட்னியிலேயே, 2013-இல் ஒரே ஆட்களுக்கு இரண்டையும் ஒவ்வொரு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு வந்தது. மெஷினில் ஏ.ஹெச்.ஐ. சராசரி 4.5, தாடைக் கருவியில் 11.1. ஆனால் இரவில் போட்ட நேரம் மெஷின் 5.2 மணி, கருவி 6.5 மணி. ரத்த அழுத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பாதி ராத்திரியில் கழற்றி வைக்கும் மெஷினைவிட விடியும்வரை வாயில் கிடக்கும் கருவி சில பேருக்கு நல்லது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அடுத்து மூக்கு. இதில் நல்லதும் குப்பையும் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. காந்தம் வைத்த மூக்கு கிளிப், மூக்குத் துளையில் செருகும் பிளாஸ்டிக் வலை, மூக்கு மேல் ஒட்டும் பட்டை எல்லாம் அடைப்பு மூக்கில்தான் என்று வைத்துக்கொண்டு செய்தவை. அப்னியா அடைப்பது தொண்டையில். ஒட்டும் பட்டை சளி மூக்குக்கு ஆறுதல் தரும், காந்தம் அதையும் தராது. மோவாயைத் தூக்கிக் கட்டும் பட்டையைத் தனியாகக் கட்டினாலும் ஏ.ஹெச்.ஐ. அசையாது. வாய்க்கு டேப் ஒட்டுவது இப்போது ரீல்ஸில் ஓடுகிறது. மூக்கடைப்பு உள்ளவர்கள் கனவிலும் செய்யக் கூடாத வேலை.

மூக்கு வால்வு மட்டும் வேறு ரகம். மூச்சை இழுக்கும்போது திறந்துகொள்ளும், விடும்போது கிட்டத்தட்ட மூடிக்கொண்டு எதிர்ப்புக் கொடுக்கும். அந்த எதிர்ப்பில் தேங்கும் அழுத்தம் தொண்டையைத் திறந்து வைக்கிறது. மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. ஒட்டும் வகையான ப்ரோவென்ட் 2011-இல் வந்த ஆய்வில் ஏ.ஹெச்.ஐ. நடுமதிப்பை 13.8-இலிருந்து 5.0-க்கு இறக்கியது. ஆனால் சிபாப்பில் நன்றாக இருந்தவர்களை இதற்கு மாற்றிப் பார்த்த வேறொரு ஆய்வில் போலி ஒட்டியைவிட மேலாக இல்லை. இரவுக்கு ஒரு ஜோடி தீர்ந்துபோகும், எண்ணெய்ச் சருமத்திலும் மீசை மேலும் ஒட்டாது. இப்போது அது சந்தையில் இல்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிலிக்கான் வகைகளில் பாங்கோ ஆர்எக்ஸ் லேசான, நடுத்தர அப்னியாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாங்குவோர் அறிய வேண்டியது: படுத்தவுடன் மூக்கால் மூச்சுவிட முயன்றால் முட்டும். வாயால் விட்டுப் பழகி, தூக்கம் வரும்வரை அப்படியே இருக்க வேண்டும். தூங்கிய பிறகும் வாய் பிளந்தே கிடந்தால் அழுத்தம் நிற்காது, காசு வீண். அலர்ஜி மூக்கு, வளைந்த மூக்குத்தண்டு உள்ளவர்கள் முதலில் இ.என்.டி. டாக்டரைப் பார்ப்பதே சிக்கனம்.

செலவே இல்லாத ஒன்று, படுக்கும் பக்கத்தை மாற்றுவது. மல்லாந்த நிலையின் எண் ஒருக்களித்த நிலையைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் உங்களுக்கு இது பலிக்கும். ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்க்கச் சொன்னது இதற்காகவே. பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போடும் பழைய யுக்தி அன்றைய இரவுக்கு வேலை செய்யும். நீண்ட நாளைக்கு? 2009-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், சுமார் இரண்டரை வருடம் கழித்துக் கேட்டபோது பதில் சொன்ன 67 பேரில் 6 சதவீதம்தான் அதைத் தொடர்ந்தார்கள். பந்து நழுவிப் பக்கத்துக்கு வந்துவிடும், முதுகு வலிக்கும். ஒரு பந்துக்குப் பதில் தோள்பட்டைகளுக்கு நடுவே நீளவாக்கில் கெட்டியான ஃபோம் உருளையைத் தைத்தால் நழுவாது. மல்லாந்தால் அதிரும் பட்டைகள் இதைவிடச் சுகம். அதிர்வைக் குறைவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் வகையாகப் பாருங்கள், எடுத்த எடுப்பில் உலுக்குவது தூக்கத்தைத்தான் கெடுக்கும். தலையணையை அடுக்கி உயர்த்துவதில் கழுத்து மடங்கித் தொண்டை இன்னும் குறுகும். உயர்த்துவதானால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து முழுக் கட்டிலையும் சரியுங்கள்.

நாக்கு, தொண்டைப் பயிற்சிக்குக் கட்டண ஆப்கள் வந்துவிட்டன. அடிப்படை 2009-இல் பிரேசிலில் நடந்த ஆய்வு: தினம் அரை மணி நேரம், மூன்று மாதம், ஏ.ஹெச்.ஐ. 22.4-இலிருந்து 13.7. நாக்கு நுனியை அண்ணத்தில் அழுத்திப் பின்னால் வழுக்குவது, முழு நாக்கையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டுவது, நுனியைக் கீழ்ப் பல்லில் வைத்துக்கொண்டு நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்துவது என்று எல்லாம் இலவசமாகச் செய்யக்கூடியவை. ஆப்புக்குக் காசு கொடுப்பது நினைவூட்டலுக்கு மட்டுமே. ஜெய்ப்பூரில் 30 பேரை வைத்துச் சங்கு ஊதச் செய்த சிறிய ஆய்வும் 2025-இல் வந்தது. பதினைந்து நிமிடம், வாரம் ஐந்து நாள், ஆறு மாதம் ஊதியவர்களுக்கு மணிக்கு நான்கைந்து தடைகள் குறைந்தன. நடுத்தர அப்னியாவில் நான்கைந்து குறைவது துணைதான், தனி மருந்தாகாது. சங்கு வாங்குவதானால் ஊதத் துளையிட்டதாகப் பார்த்து வாங்குங்கள், பூஜைக்கு வைக்கும் எல்லாச் சங்கும் ஊதாது.

ஊசி. எடை குறைக்கும் டிர்செபடைடு மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., உடல் பருமனோடு சேர்ந்த நடுத்தர, தீவிர அப்னியாவுக்கென்றே அனுமதி கொடுத்தது. 52 வார ஆய்வில், மெஷின் போடாதவர்களுக்கு மணிக்கு 25 தடைகள் குறைந்தன; போலி ஊசி போட்டவர்களுக்கு 5. கேட்கப் பிரமாதம். ஆனால் தொடங்கியபோது அவர்களின் சராசரி 50 அளவில் இருந்தது, அதாவது குறைந்த பிறகும் பலருக்கு நடுத்தர அப்னியா மிச்சம். இந்தியாவில் மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய், வாரம் ஒன்று, டோஸ் கூடக்கூடச் செலவும் கூடும். குமட்டல், மலச்சிக்கல் சகஜம், நிறுத்தினால் எடை திரும்பும். ஒல்லியான உடம்பில் சின்னத் தாடையால் அப்னியா வந்தவர்களுக்கு இதில் வேலையே இல்லை.

அறுவை சிகிச்சையில் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: 'வெற்றி' என்று எதைச் சொல்கிறீர்கள்? இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் வரையறை, ஏ.ஹெச்.ஐ. பாதியாகி 20-க்குக் கீழே வருவது. 40 இருந்தவர் 19-க்கு வந்தால் அதுவும் வெற்றிதான், ஆனால் அவருக்கு இன்னும் நடுத்தர அப்னியா. உள்நாக்கு, அண்ணச் சதையை வெட்டும் ஆபரேஷன் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டான்சில் பெரிதாக உள்ள இளைஞருக்கு டான்சில் எடுப்பது மட்டும் நல்ல பேரம். இரு தாடையையும் வெட்டி முன்னால் நகர்த்துவது இவற்றில் பலமானது, அதே அளவுக்குப் பெரிய ஆபரேஷன், கீழுதட்டில் மரத்த உணர்வு தங்கலாம். நாக்கு நரம்பைத் தூண்டும் இன்ஸ்பையர் கருவியை அமெரிக்காவில் 2014-இல் அனுமதித்தார்கள். 126 பேர் ஆய்வில் நடுமதிப்பு 29.3-இலிருந்து 9.0-க்கு வந்தது. மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது அண்ணப் பகுதி சுற்றிலும் ஒருசேரச் சுருங்கினால் இது பலிக்காது என்பதால், அந்தச் சோதனை இல்லாமல் யாரும் பொருத்தமாட்டார்கள்.

எதைத் தேர்ந்தாலும் மறு ஸ்லீப் ஸ்டடி, கருவியைப் போட்ட நிலையில், திருகையெல்லாம் முடித்து வலி அடங்கிய பிறகு. வீட்டுக்கு வந்து மாட்டிவிடும் எளிய டெஸ்டே போதும், வாட்ச் காட்டும் ஆக்சிஜன் வரைபடம் போதாது. அந்த டெஸ்டுக்கு மார்பில் கட்டும் பெல்ட்டில், படுக்கும் நிலையைக் குறிக்கும் சென்சார் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு முழுக்க ஒருக்களித்தே தூங்கியிருந்தால் வந்த நல்ல எண்ணுக்குக் கருவி காரணமா, பக்கம் காரணமா என்று தெரியாது. எண் 5-க்குக் கீழே என்றால் மெஷினைத் துடைத்து உறைபோட்டு வையுங்கள், விற்க வேண்டாம்: பத்து சதவீதம் எடை கூடினால் ஏ.ஹெச்.ஐ. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது அமெரிக்காவின் விஸ்கான்சினில் நெடுநாள் தொடர்ந்து பார்த்த கணக்கு. 15-ஐத் தாண்டி நின்றால் கருவியையும் மெஷினையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். தாடை முன்னால் இருக்கும்போது மெஷினுக்குக் குறைந்த பிரஷரே போதும், மாஸ்க்கை அவ்வளவு இறுக்கிக் கட்டவும் வேண்டியதில்லை. ரிசல்ட் வரும்வரை இரவு நேர நெடுந்தூர டிரைவிங் வேண்டாம்.